ராமேஸ்வரம் - தலைமன்னார் கப்பல் இல்ல, அப்ப அம்மாவ எந்த வழியா கூட்டிட்டுப் போறது?

கேள்விய முதல்ல சுருக்கமா சொல்லிடுறேன், அப்பதான் பதில் புரியும். நீங்க மதுரைல இருக்கீங்க, அம்மாவுக்கு 66 வயசு, இலங்கை மலைநாட்டுல அட்டன் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்ல பிறந்தவங்க, பதினாலு வயசுல குடும்பத்தோட ரயில்ல தலைமன்னார் வந்து அங்கிருந்து கப்பல்ல ராமேஸ்வரம் இறங்கி, இலங்கைல இருந்து வர்றவங்கள முதல்ல தங்க வைக்குற மண்டபம் கேம்ப்ல இருந்துட்டு இந்தப் பக்கம் வந்தவங்க. இப்ப அதே வழியா ஒரு தடவ திரும்பிப் போய்ப் பாக்கணும்னு ஆசப்படுறாங்க. கப்பல் இல்லைங்கறாங்க, அதுக்குப் பதிலா எது நல்லது, டிசம்பர் லீவுல போகலாமா. இதான கேட்டீங்க.

எங்க வீடும் அப்படி வந்த வீடுதான், நான் இப்ப திருச்சில இருக்கேன். எங்க அப்பாவக் கூட்டிட்டு ஒரு தடவ, அதுக்கப்புறம் நானா ரெண்டு தடவ போயிட்டு வந்திருக்கேன். அதனால தெரிஞ்சத கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

நேரா சொல்லணும்னா, ராமேஸ்வரத்துல இருந்து தலைமன்னாருக்கு இப்ப பயணிகள் கப்பல் எதுவும் கிடையாது. 1984ல இலங்கைல சண்டை முத்துனப்ப நிறுத்துனது, நிறுத்துனதுதான். கடைசி காலத்துல ஓடுனது ராமானுஜம்னு ஒரு கப்பல், உங்க அம்மாகிட்ட அந்தப் பேர சொல்லிப் பாருங்க, அனேகமா ஞாபகம் இருக்கும். திரும்ப விடப் போறாங்கன்னு வருஷா வருஷம் செய்தி வருது, 2024 டிசம்பர்ல இலங்கை ஜனாதிபதி அனுர டெல்லி வந்தப்ப விட்ட கூட்டறிக்கைலயும் ராமேஸ்வரம் - தலைமன்னார் சேவைய சீக்கிரம் ஆரம்பிக்க வேலை செய்வோம்னு ஒரு வரி இருந்துச்சு. அந்த ஒரு வரிய நம்பி 66 வயசு அம்மாவ காத்திருக்க வைக்காதீங்க. ரெண்டு பக்கமும் இறங்குதுறை கட்டணும், கடல் ஆழம் இல்லாத இடம், கஸ்டம்ஸ் இமிகிரேஷன் எல்லாம் புதுசா போடணும், நாலு மாசத்துல முடியுற வேலை இல்ல.

ஆனா எல்லாரும் இதுல ஒரு தப்பு பண்றாங்க, நானும் முதல் தடவ அதத்தான் பண்ணேன். கப்பல் போச்சுன்னதும் வழியே போச்சுன்னு நினைச்சு, நேரா கொழும்புக்கு பிளைட் டிக்கெட் போட்டு, காத்துல பறந்து போய் இறங்கி, அங்கிருந்து கார்ல எஸ்டேட்டுக்குப் போயிட்டு வந்துட்டோம். அப்பா வாயத் திறந்து ஒண்ணும் சொல்லல, ஆனா திரும்பி வந்தப்புறம் "நான் வந்த பாதைல எதையுமே காட்டலியே நீ"ன்னு ஒரு தடவ கேட்டாரு. உண்மைதான், அந்தப் பழைய பயணம் ரெண்டு மூணு நாள் பயணம், அதுல கடல்ல இருந்தது சில மணி நேரம்தான். மிச்சம் பூராவும் ரயில். அந்த ரயில் பாதை ரெண்டு நாட்டுலயும் இன்னைக்கும் இருக்கு. அறுந்தது நடுவுல உள்ள கடல் துண்டு மட்டும்தான். அதனால மொத்த வழிக்கும் மாற்று தேடாதீங்க, அந்தத் துண்டுக்கு மட்டும் தேடுங்க.

கொஞ்சம் பழைய கதை சொன்னா வழி நல்லா புரியும். 1914க்கு முன்னாடி மெட்ராஸ்ல இருந்து தூத்துக்குடிக்கு ரயில், அங்கிருந்து கொழும்புக்கு கப்பல், அதான் மெயின் ரூட்டு. 1914 பிப்ரவரில பாம்பன் பாலம் திறந்தப்புறம் ரயில் தனுஷ்கோடி வரைக்கும் போச்சு, அங்கிருந்து தலைமன்னாருக்கு சுமார் 35 கிலோமீட்டர் கடல், அந்தப் பக்கம் இலங்கை ரயில் ரெடியா நிக்கும். அதான் போட் மெயில். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடிச்ச புயல்ல தனுஷ்கோடி ஸ்டேஷன், துறை எல்லாம் போயி, பாம்பன்ல இருந்து வந்த பாசஞ்சர் ரயிலே கடலோட போயிடுச்சு, அதுக்கப்புறம் கப்பல் ராமேஸ்வரத்துல இருந்து கிளம்ப ஆரம்பிச்சது. அதே 1964 அக்டோபர்லதான் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், அங்க இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்கள்ல 5,25,000 பேர இந்தியா எடுத்துக்கணும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை குடுக்கணும்னு. உங்க அம்மா, எங்க அப்பா எல்லாரும் அந்தக் கணக்குல வந்தவங்க. மலைநாட்டு ஸ்டேஷன்கள்ல இருந்து அப்படிக் கிளம்புன ரயிலுக்கு அங்க உள்ளவங்க வச்ச பேரு ஒப்பாரி கோச்சி. 84ல கப்பல் நின்னப்ப இந்திய பாஸ்போர்ட்ட கைல வச்சுக்கிட்டு வர முடியாம அங்கேயே மாட்டுன குடும்பங்களும் உண்டு, அவங்க விவகாரம் 2003ல இலங்கை நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டப்பதான் தீர்ந்துச்சு.

சரி வழிக்கு வருவோம். இந்தப் பக்கம் உள்ள துண்டு சுலபம், மதுரைல இருந்து ராமேஸ்வரத்துக்கு ரயில் இருக்கு. பழைய பாம்பன் பாலத்துல 2022 டிசம்பர்ல ரயில நிறுத்துனாங்க, 2025 ஏப்ரல்ல புதுப் பாலம் திறந்தாச்சு, அதனால ரயில்லயே போகலாம். இத ஒரு தனி நாளா வச்சுக்கங்க, இலங்கை பயணத்துக்கு ஒரு வாரம் முன்னாடி கூட பரவால்ல. மண்டபம் ஸ்டேஷன்ல இறங்கி கேம்ப் பக்கம் வெளில இருந்து பாக்கலாம், உள்ள இப்பவும் இலங்கை அகதிகள் முகாம் இருக்கு, சும்மா உள்ள போக முடியாது. அப்புறம் தனுஷ்கோடி தாண்டி இருக்குற அரிச்சல்முனை. ரோடு கடைசி வரைக்கும் போட்டாச்சு, கார்லயே முனைக்குப் போயிடலாம், அம்மா மணல்ல நடக்க வேண்டியதில்ல. சாயங்காலம் ரொம்ப நேரம் இருக்காதீங்க, திருப்பி அனுப்பிடுவாங்க. அங்க நின்னா போன்ல இலங்கை சிக்னல் வந்து வெல்கம் மெசேஜ் வரும், ரோமிங்க ஆஃப் பண்ணி வைங்க, இல்லன்னா பில்லு வரும். அங்க யாராவது போட்ல அந்தப் பக்கம் கொண்டு போய் விடுறேன்னு பேசுனா காதுல வாங்காதீங்க, அது கள்ளத்தோணி, ரெண்டு நேவியும் பிடிக்கும், சொல்லவே வேண்டியதில்லன்னாலும் சொல்லி வைக்கிறேன்.

இப்ப கடல் துண்டு. இதுக்கு உருப்படியா மூணு வழி இருக்கு.

முதல் வழி நாகப்பட்டினத்துல இருந்து யாழ்ப்பாணம் பக்கம் உள்ள காங்கேசன்துறைக்குப் போற கப்பல். 2023 அக்டோபர் 14ம் தேதி செரியாபாணிங்கற கப்பல வச்சு ஆரம்பிச்சாங்க, ஒரு வாரத்துல மழைக்காலம்னு நிறுத்திட்டாங்க. 2024 ஆகஸ்ட்ல தனியார் மூலமா சிவகங்கைன்னு ஒரு கப்பல் வந்துச்சு, அதுவும் நவம்பர்ல நின்னு 2025 பிப்ரவரில திரும்ப ஓடுச்சு. இந்தத் தேதிகள வரிசையா பாத்தாலே விஷயம் புரியும், வடகிழக்குப் பருவமழை மாசங்கள்ல இந்தக் கப்பல நம்பக் கூடாது. நீங்க கேட்டது டிசம்பர். டிசம்பர்ல கப்பல் இருக்கும்னு வச்சு எந்த பிளானும் போடாதீங்க. மத்த மாசத்துலயும் எல்லா நாளும் ஓடாது, நாளும் அப்பப்ப மாறும், காத்து பலமா இருந்தா அன்னைக்கு இல்லன்னு சொல்லிடுவாங்க. ஓடுனா சுமார் நாலு மணி நேரம். உக்காந்து போற சீட்டுதான், பழைய கப்பல் மாதிரி டெக்ல பாய விரிச்சுப் படுக்குற சமாச்சாரம் இல்ல. அம்மாவுக்கு வாந்தி வர்ற உடம்புன்னா டாக்டர்கிட்ட கேட்டு மாத்திரை போட்டுட்டு ஏத்துங்க, பாக் ஜலசந்தி சின்ன கடல்தான், ஆனா அலை குட்டை குட்டையா வந்து குலுக்கும்.

ரெண்டாவது வழி யாழ்ப்பாணத்துக்கு பிளைட். அங்க பக்கத்துல உள்ள பலாலி விமானத்தளத்த 2019 அக்டோபர்ல சர்வதேச விமான நிலையமா ஆக்குனாங்க, இப்ப சென்னைல இருந்தும் 2025 மார்ச் கடைசில இருந்து திருச்சில இருந்தும் விமானம் விட்டிருக்காங்க. சின்ன ஏடிஆர் விமானம், திருச்சில இருந்து ஒரு மணி நேரத்துக்குள்ள சமாச்சாரம் முடிஞ்சிரும். மதுரைல இருந்து திருச்சி ரெண்டரை மணி நேரம் ரோடு. மழைக்காலத்துலயும் இது கப்பல விட நம்பகமானது. ஆனா இந்த சின்ன ஊர் ரூட்டுகள எப்ப வேணா குறைப்பாங்க கூட்டுவாங்க, அதனால டிக்கெட் இருக்கான்னு பாத்துட்டு மத்தத புக் பண்ணுங்க, மாத்திப் பண்ணாதீங்க.

மூணாவது கொழும்பு. மதுரைல இருந்தே நேரா இருக்கு, திருச்சில இருந்து இன்னும் அதிகமா இருக்கு. மலைநாடு மட்டும் பாத்தா போதும்னா இதுதான் சரி, பேச்சே இல்ல. தூத்துக்குடி - கொழும்பு கப்பல்னு எங்கயாவது படிச்சீங்கன்னா அது பழைய கதை, 2011 ஜூன்ல ஸ்கோஷியா பிரின்ஸ்னு பெரிய கப்பல விட்டாங்க, அந்த வருஷமே நின்னு போச்சு.

இதுல எதை எடுக்குறதுன்னா மேப்ப மட்டும் வச்சுப் பாக்காதீங்க. மேப்ல பாத்தா தலைமன்னாரும் கொழும்பும் ஒரே கரைல மேற்குப் பக்கமா இருக்கும், யாழ்ப்பாணம் மேல எங்கயோ தனியா இருக்கும், அதனால கொழும்புதான் வசதின்னு தோணும். தப்பு. கொழும்புல இருந்து மன்னாருக்கு முன்னூறு கிலோமீட்டருக்கு மேல, ரயில்னா ஒரு பகல் போயிடும். யாழ்ப்பாணத்துல இருந்து மன்னாருக்கு சங்குப்பிட்டி பாலம், பூநகரி வழியா போற ஏ32 ரோட்டுல பஸ் ஏறுனா மூணு மணி நேரம் சொச்சம். சங்குப்பிட்டி பாலம் 2011ல திறந்ததுல இருந்துதான் இந்த வசதி, அதுக்கு முன்னாடி வவுனியா சுத்திதான் வரணும். அதனால தலைமன்னார் வழியா போகணும்ங்கறதுதான் அம்மாவோட ஆசைன்னா நுழையுறது யாழ்ப்பாணத்துல, வெளியேறுறது கொழும்புல. போக ஒரு டிக்கெட், வர வேற டிக்கெட். இத ஏஜென்ட்டுகள் சொல்ல மாட்டாங்க, அவங்களுக்கு கொழும்பு போய் கொழும்புல திரும்புற பேக்கேஜ்தான் சுலபம்.

நான் ரெண்டாவது தடவ போன மாதிரியே சொல்றேன். முதல் நாள் யாழ்ப்பாணம் இறங்கி அங்கயே தங்கல், அம்மா வயசுக்கு அன்னைக்கே ஓட வேண்டாம். கப்பல்ல வந்தா காங்கேசன்துறைல இருந்து டவுனுக்கு இருபது கிலோமீட்டருக்குள்ளதான், பஸ், ஆட்டோ ரெண்டும் இருக்கு. மறுநாள் காலைல மன்னார் பஸ். ஜன்னல் சீட்டு பிடிங்க, பூநகரி தாண்டுனதும் ஒரே வெட்டவெளி, மாடும் பனையும்தான். மன்னார் டவுன்ல ரெண்டு ராத்திரி. திருக்கேதீஸ்வரம் பக்கத்துலதான், மடு மாதா கோயில் கொஞ்சம் உள்ள. ஆகஸ்ட் 15 மடு திருவிழா, மாசில திருக்கேதீஸ்வரத்துல சிவராத்திரி, இந்த ரெண்டு நேரத்துலயும் மன்னார்ல ரூம் கிடைக்காது, அம்மாவுக்கு திருவிழா பாக்கணும்னா ரொம்ப முன்னாடியே சொல்லி வைக்கணும். மன்னார்ல ரோட்டுல கழுதை சுத்தும், ஒரு பழைய பெருக்க மரம் இருக்கு, அடி மரமே ஒரு வீடு அகலம். கருவாடு வாங்கணும்னு தோணும், வாங்காதீங்க, மூணு நாள் ரயில் பயணம் பாக்கி இருக்கு.

அடுத்தது தலைமன்னார். டவுன்ல இருந்து முப்பது கிலோமீட்டர் கிட்ட, ஆட்டோ பேசிப் போகலாம். கடைசில பியர்னு ஸ்டேஷன், அதத் தாண்டி வெளிச்ச வீடு, கடலுக்குள்ள நீளமா பழைய துறை. துருப்பிடிச்சு நிக்குது. எங்கப்பா கிட்ட போட்டோ காட்டுனப்ப கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் அந்தத் துறைல மூட்டைய இறக்கி வச்ச இடத்துல ஒரு பித்தளைக் குடம் காணாமப் போனத சொன்னாரு. அம்பது வருஷமா சொல்லாத கதை. ஒரு வாரம் முன்னாடி அரிச்சல்முனைல இருந்து இந்தப் பக்கம் பாத்த கடல, இங்க நின்னு அந்தப் பக்கம் பாக்கலாம். அம்மாவோட கப்பல் போன கோடு அந்த ரெண்டு இடத்துக்கும் நடுவுலதான். அதுல நம்மளால போக முடியல, ரெண்டு முனையயும் காட்டிடலாம்.

இனிமேதான் அசல் வழி. சண்டைல அழிஞ்ச மன்னார் ரயில் பாதைய இந்திய உதவில திரும்பப் போட்டு 2015 மார்ச்ல தலைமன்னார் வரைக்கும் திறந்தாங்க. அம்மா வந்த அதே தடம். தலைமன்னார்ல ஏறுனா மன்னார், மடு ரோடு, மதவாச்சி, அனுராதபுரம், குருநாகல் தாண்டி பொல்கஹவெல. கொழும்பு வரைக்கும் போகாதீங்க, பொல்கஹவெலலயே இறங்கிடுங்க, மலைநாட்டு லைன் அங்கதான் பிரியுது. ஒப்பாரி கோச்சியும் அட்டன்ல இருந்து நாவலப்பிட்டி, கம்பளை, பேராதனை வழியா இறங்கி அந்த ஜங்ஷன்ல வடக்க திரும்பித்தான் தலைமன்னார் போச்சு. நீங்க அத அப்படியே திருப்பி ஏறுறீங்க. ஆனா ஒரே நாள்ல அட்டன் வரைக்கும் போக முயற்சி பண்ணாதீங்க, நேரம் ஒத்து வராது. பொல்கஹவெலல மாறி கண்டி போயி ராத்திரி தூங்கிட்டு, மறுநாள் காலைல அட்டன் ரயில். மலைநாட்டு ரயில்ல வெள்ளைக்காரங்க கூட்டம் அதிகம், ரிசர்வ் சீட்டு புக்கிங் திறந்ததும் சீக்கிரமே தீந்துரும், அதனால திறந்த அன்னைக்கே போடுங்க.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. 2025 நவம்பர் கடைசில டிட்வா புயல் இலங்கைய ரொம்ப மோசமா அடிச்சது, மலைநாட்டு ரயில் பாதைல பல இடத்துல மண் சரிஞ்சு தண்டவாளமே அந்தரத்துல தொங்குச்சு, மத்த லைனும் அடிபட்டுச்சு. அதனால டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி, உங்க தேதில தலைமன்னார் ரயிலும் அட்டன் ரயிலும் முழுசா ஓடுதான்னு கொழும்பு கோட்டை ஸ்டேஷனுக்கு யாரையாவது விட்டுக் கேக்க வைங்க, இல்ல இலங்கை ரயில்வே தளத்துல பாருங்க. கண்டி - அட்டன் ரயில் இல்லன்னா பஸ்ஸு இருக்கு, வளைவு ஜாஸ்தி, அம்மாவ முன் சீட்டுல உக்கார வைங்க.

எஸ்டேட் விஷயம். பேர மட்டும் வச்சுக்கிட்டுப் போகாதீங்க, ஒவ்வொரு தோட்டத்துக்கும் இங்கிலீஷ் பேரு ஒண்ணு, நம்ம ஆளுங்க கூப்பிடுற தமிழ்ப் பேரு ஒண்ணு, அதுக்குள்ள டிவிஷன் வேற. அம்மா சொல்றது தமிழ்ப் பேரா இருக்கும், கூகிள் மேப்ல இருக்கறது இங்கிலீஷ் பேரா இருக்கும், நாங்க அட்டன் டவுன்லயே அரை நாள் தேடுனோம். வீட்டுல தாத்தாவோட பழைய பாஸ்போர்ட், பேமிலி கார்டு ஏதாவது இருந்தா எடுத்துப் பாருங்க, அதுல தோட்டத்துப் பேரு இருக்கும். லயத்துல, அதாவது தொழிலாளர் வரிசை வீடுங்க கிட்ட போய் நின்னு, தாத்தா பேரையும் அவர் எந்தக் கங்காணியோட (மேஸ்திரியோட) ஆளுங்கறதையும் சொன்னா, வயசானவங்க யாராவது ஒருத்தர் வெளில வந்துடுவாங்க. முதல்ல தோட்டத்து ஆபீஸ்ல சொல்லிட்டுப் போறது மரியாதை.

விசா பத்தி ஒரு வரி. இடிஏங்கற பயண முன் அனுமதிய ஆன்லைன்ல எடுக்கணும், இலங்கை அரசோட தளத்துல மட்டும் எடுங்க. அதே மாதிரி பேரு வச்ச வேற ஒரு தளத்துல நான் போய் கூடுதலா காசு கட்டி ஏமாந்தேன், விசா வந்துச்சு, காசு ரெட்டிப்பு. கட்டணமும் விதியும் அவங்க அடிக்கடி மாத்துறாங்க. போறதும் வர்றதும் வேற வேற ஊர்ங்கறதால திரும்புற டிக்கெட்ட பிரிண்ட் எடுத்து கைல வைங்க, கவுன்டர்ல கேப்பாங்க.

இப்ப உங்க டிசம்பர் கேள்வி. லீவு டிசம்பர்லதான்னா, நாகை கப்பல மறந்துட்டு திருச்சி - யாழ்ப்பாணம் பிளைட்டுல போங்க, அது கிடைக்கலன்னா சென்னை - யாழ்ப்பாணம். ஆனா அந்த மாசம் மன்னார்லயும் மழை, மலைலயும் மழை, மண்சரிவு பயம் வேற. என்னக் கேட்டா பிப்ரவரி கடைசி இல்ல மார்ச்சுக்குத் தள்ளுங்க. கடல் அடங்கியிருக்கும், கப்பலும் அனேகமா ஓடும், அம்மாவுக்கு கப்பல்லயே போன மாதிரியும் இருக்கும். அப்பவும் நாகைக்குக் கிளம்புறதுக்கு முந்துன நாள் போன் பண்ணிக் கேளுங்க, கப்பல் இல்லன்னு சொன்னா அன்னைக்கே திருச்சி பிளைட்டுக்கு மாத்துற மாதிரி கைல ரெண்டு நாளும் கொஞ்சம் காசும் உபரியா வைங்க. அந்த ரெண்டு நாள் இல்லாம கப்பல்ல டிக்கெட் போடாதீங்க, மன்னார் ரூம்ல இருந்து அட்டன் ரயில் வரைக்கும் எல்லாம் சரிஞ்சிரும்.

அம்மாவால எவ்ளோ நேரம் உக்கார முடியும், முழங்கால் எப்படி, நீங்க மூணு பேரா நாலு பேரா, இத எழுதுங்க. தலைமன்னார் - பொல்கஹவெல ரயில்ல எந்த வகுப்பு எடுக்கலாம்னு அத வச்சுதான் சொல்ல முடியும்.